முதல் ஆல்பம், முதல் டூர்: தேதி குறிப்பதற்கு முன் படித்துவிடுங்கள்

எங்கள் முதல் ஆல்பத்தின் வைனில் (vinyl) இசைத்தட்டுகள் கைக்கு வந்து சேர்ந்தபோது, அந்த ஆல்பத்துக்காகக் கிளம்பிய டூர் முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது. 14 ஊர்களிலும் மேடையில் நின்று "தட்டு அடுத்த வாரம் வந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டே போனோம். அச்சிட்ட 300 தட்டுகளில் பாதி இன்னும் டிரம்மரின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பாட்டில் குறை இல்லை, நாள் கணக்கில்தான் கோட்டை விட்டோம்.

மேனேஜர், லேபிள் என்று யாரும் இல்லாமல், சொந்தக் காசில் ஆல்பம் போட்டு வேனில் ஏறப்போகிற பேண்டுகளுக்காக இதை எழுதுகிறேன். நல்ல பாட்டு எழுதுவது எப்படி என்று இதில் எதுவும் கிடைக்காது. தாள், பணம், தேதி, இந்த மூன்றைப் பற்றித்தான் பேச்சு.

1. வெளியீட்டுத் தேதியைக் கடைசியில் குறியுங்கள்

எல்லோரும் செய்யும் தவறு, ரெக்கார்டிங் முடிந்த உற்சாகத்தில் தேதியை அறிவித்துவிடுவது. மாஸ்டர் (வெளியீட்டுக்குத் தயாரான இறுதி ஒலிக்கோப்பு), அட்டைப்படம், தட்டு மூன்றும் உறுதியாகும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

வைனில் வேண்டுமென்றால் எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் தொடங்கும். டிஜிட்டலுக்குச் செய்த மாஸ்டரை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பாதீர்கள். வைனிலுக்குத் தனி மாஸ்டர் கேளுங்கள். 12 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33 சுற்று என்றால் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம்வரை நன்றாக ஒலிக்கும். 22-ஐத் தாண்டினால் ஒலி அளவைக் குறைத்துத்தான் தட்டின் பள்ளத்தை வெட்ட வேண்டியிருக்கும், பேஸ் மெலிந்துபோகும். ஆகவே பாட்டு வரிசையைப் பக்க நேரம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்து வருவது டெஸ்ட் பிரஸ்ஸிங், அதாவது மாதிரித் தட்டு. எங்களைக் கவிழ்த்தது இதுதான். தொழிற்சாலை "12 வாரம்" என்று சொன்னால் அந்த 12 வாரம் பெரும்பாலும் நீங்கள் மாதிரிக்கு ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும், பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல. எங்கள் மாதிரியில் இரண்டாம் பக்கம் ஒரே இடத்தில் 'டிக் டிக்' என்றது. திருப்பி அனுப்பினோம். மறுபடி வெட்டி, மறுபடி மாதிரி வந்து, மறுபடி கேட்டு முடிப்பதற்குள் ஐந்து வாரம் போய்விட்டது. மாதிரியைக் குறைந்தது இரண்டு வேறு டர்ன்டேபிளில் போட்டுக் கேளுங்கள். எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் சத்தம் வந்தால் வெட்டியதில் கோளாறு. ஒரே ஒரு தட்டில் வந்தால் அது அந்தத் தட்டின் பிரச்சினை மட்டும்.

எட்டு முதல் பத்து மாதம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. அவ்வளவு பொறுமை இல்லையா? சரி, டிஜிட்டலும் சிடியும் மட்டும் போட்டுக் கிளம்புங்கள், வைனிலுக்கு முன்பதிவு எடுங்கள். வராத தட்டுக்கு மேடையில் விளம்பரம் செய்வதைவிட இது மானமுள்ள வழி.

2. எது யாருடைய பாட்டு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

ஒரே ஒரு தாள். பாட்டின் பெயர், எழுதியவர்கள், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம், கையெழுத்து, தேதி. இதை ஸ்ப்ளிட் ஷீட் என்பார்கள். "நாமெல்லாம் நண்பர்கள்தானே" என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். சினிமாவிலோ விளம்பரத்திலோ ஒரு பாட்டைக் கேட்டு ஆள் வரும்போது, பேண்டை விட்டுப் போன பழைய பேஸிஸ்டின் கையெழுத்துக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். வேறு பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

அதே வாரத்தில் முடிக்க வேண்டியவை இன்னும் உண்டு. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. (ISRC) எண் வேண்டும், 12 எழுத்தும் இலக்கமும் கொண்டது. ஆல்பத்துக்கு யூ.பி.சி. பார்கோடு வேண்டும். டிஜிட்டல் விநியோக நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டையும் தங்கள் சேவையோடு சேர்த்தே தந்துவிடும். பின்னாளில் விநியோகஸ்தரை மாற்றினால் அதே ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையே பயன்படுத்துங்கள், புது எண் போட்டால் அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகக்கூடும். பாடலாசிரியர்களின் ராயல்டி சங்கத்தில் பாடல்களைப் பதிவு செய்வதையும் டூருக்கு முன்பே முடித்துவிடுங்கள். மேடையில் உங்கள் சொந்தப் பாட்டை வாசித்தாலும் அதற்கு ராயல்டி உண்டு. பதிவு செய்யாத பாட்டுக்கு அது வந்து சேராது.

3. ஆல்பத்தைக் காதில் சேர்ப்பது

உலகம் முழுக்கப் புதிய இசை வெள்ளிக்கிழமைதான் வெளியாகிறது, 2015 முதல் இதுதான் வழக்கம். நீங்களும் அதையே பின்பற்றுங்கள். கோப்புகளை வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பாவது ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவுக்கு வெளிவராத ஒரு பாட்டைப் பரிந்துரைக்கலாம், ஒரு நேரத்தில் ஒன்றுதான். குறைந்தது 7 நாள் முன்பு அனுப்பினால் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டு பிளேலிஸ்ட்டில் அந்தப் பாட்டு வரும். ஏழாம் நாள்வரை காத்திருப்பது வீண். ஏற்றிய அன்றே அனுப்புங்கள்.

ஆனால் ஸ்ட்ரீமிங் வருமானத்தை டூர் பட்ஜெட்டில் எழுதாதீர்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அதற்கு ஒலிப்பதிவு ராயல்டியே கணக்காகும். பேண்டுகள் ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்பில் நிலைமை தேவலை. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் தட்டு, டி-ஷர்ட் போன்ற பொருள்களில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்வார்கள், பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாள்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுப்பார்கள். எங்கள் முன்பதிவு அறிவிப்பை அப்படியொரு நாளில் வைத்தோம். அந்த ஒரு நாளில் வந்தது மற்ற வாரங்களில் வந்ததைவிட அதிகம்.

பத்திரிகை, வலைப்பதிவு, வானொலிக்கு எழுதும்போது அச்சு இதழ்களுக்கு மூன்று மாதம் முன்பு, இணைய இதழ்களுக்கு ஆறு வாரம் முன்பு என்று வையுங்கள். மின்னஞ்சலில் ஆடியோ கோப்பை இணைக்காதீர்கள், கேட்கும் இணைப்பு போதும். 150 சொல்லில் பேண்டைப் பற்றிய குறிப்பு, ஒரு அகலப் படம், ஒரு உயரப் படம், டூர் தேதிகள், அவ்வளவுதான். அந்தக் குறிப்பில் "எந்த வகைக்கும் அடங்காத இசை" என்று எழுதாதீர்கள். எல்லா பேண்டும் அதைத்தான் எழுதுகிறது.

4. புக்கிங்

வெளியீட்டுக்கு நான்கு முதல் ஆறு மாதம் முன்பு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்குங்கள். முதலில் வரைபடத்தை எடுத்து, ஊர்களை ஒரு வட்டமாகவோ கோடாகவோ வரிசைப்படுத்துங்கள். வரைபடம் ஐந்து மணி நேரம் என்றால் வேன் ஆறரை மணி நேரம் எடுக்கும். ஒரு நாளைக்கு வரைபடக் கணக்கில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் வேண்டாம், ஆறு நிகழ்ச்சிக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். பாடகரின் தொண்டைக்கு உதிரி பாகம் கிடையாது.

அரங்கத்துக்கு எழுதும் அஞ்சல் ஐந்து வரியைத் தாண்டக் கூடாது. யார், எந்தத் தேதி, மாற்றுத் தேதி இரண்டு, கேட்க ஒரு இணைப்பு, அந்த ஊரில் எத்தனை பேர் வருவார்கள். கடைசியில் சொன்னதில் பொய் சொல்லாதீர்கள். 20 பேர் என்றால் 20 என்றே சொல்லி, கூடவே உள்ளூர் பேண்டு ஒன்றை நீங்களே பேசி வைத்துக்கொண்டு போங்கள். புதிய ஊரில் கூட்டம் சேர்ப்பது உங்கள் பெயர் அல்ல, அந்த உள்ளூர் பேண்டுதான். நல்ல நேரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். அவர்கள் ஆட்கள் போவதற்குள் நீங்கள் நடுவில் வாசித்துவிடலாம்.

ஒப்பந்தத்தில் 'ரேடியஸ் கிளாஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் இத்தனை நாள், இத்தனை தூரத்துக்குள் வேறு எங்கும் வாசிக்கக் கூடாது என்பதுதான் அது. விழாக்களில் இது சாதாரணம். தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்து ஊரில் ஒத்துக்கொண்ட இரண்டு நிகழ்ச்சிகளை ரத்து செய்தோம்.

5. பணப் பேச்சு

பொதுவாக மூன்று வகை. உறுதித்தொகை மட்டும், டிக்கெட்டில் பங்கு மட்டும், அல்லது இரண்டில் எது அதிகமோ அது. மூன்றாவதுதான் நமக்கு நல்லது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள், எந்த நாட்டுப் பணமானாலும் சரி. உறுதித்தொகை 400, அல்லது செலவு போக 80 சதவீதம் என்று பேச்சு. டிக்கெட் 10 வீதம் 100 பேர் வந்தால் 1,000. செலவு 300 போனால் மீதம் 700. அதில் 80 சதவீதம் 560. உங்களுக்கு 560.

சூட்சுமம் அந்த 'செலவு' என்ற சொல்லில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் செலவுக்கு உச்சவரம்பு இல்லையென்றால் இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு தாளில் போஸ்டர், பாதுகாப்பு, சவுண்டு இன்ஜினியர், துடைக்கும் துணி வரை எழுதி நீட்டுவார்கள். செலவுப் பட்டியலை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். இலவச டிக்கெட் எத்தனை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். உறுதித்தொகையில் பாதியை முன்பணமாகக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் பரவாயில்லை, கேட்டதிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். ஏஜென்ட் இருந்தால் 10 முதல் 15 சதவீதம் அவருக்கு. அது செலவு கழித்த தொகையில் அல்ல, மொத்தத் தொகையில்.

6. எல்லை தாண்டுவதென்றால்

அடுத்த நாட்டில் வாசிக்கப் போகாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். போகிறவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

முதலில் விசா. "காசு வாங்கவில்லை, சும்மா வாசிக்கிறோம்" என்பதைப் பல நாட்டு எல்லை அதிகாரிகள் ஏற்பதில்லை. அமெரிக்காவில் டிக்கெட் வாங்கி வரும் கூட்டத்துக்கு முன் வாசிக்கும் பேண்டுக்கு வழக்கமாக 'பி' (P) அல்லது 'ஓ' (O) வகை வேலை விசா தேவை. அதற்கு அங்குள்ள ஒருவர் உங்கள் சார்பில் ஐ-129 படிவத்தில் மனு போட வேண்டும், அது தேறிய பிறகுதான் தூதரக நேர்காணல். மனுவை ஓராண்டு முன்பே போடலாம் என்பதால் தாமதிக்காதீர்கள். பேண்டுகளுக்கான பி-1 (P-1) வகையில் உறுப்பினர்களில் 75 சதவீதம் பேராவது ஓராண்டாகச் சேர்ந்து வாசித்தவர்களாக இருக்க வேண்டும். நான்கு பேரில் இரண்டு பேரைப் போன மாதம் மாற்றியிருந்தால் கதை முடிந்தது. ஐரோப்பாவில் ஷெங்கன் பகுதிக்கு 180 நாளில் 90 நாள் என்ற கணக்கு தங்குவதற்கு மட்டும்தான். வேலை அனுமதி ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிச் சட்டம். போகும் நாடு ஒவ்வொன்றுக்கும் தனியாக விசாரியுங்கள்.

அடுத்தது வாத்தியங்கள். ஏ.டி.ஏ. கார்னெட் என்ற ஆவணம், கொண்டுபோகிற சாமானைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவோம் என்பதற்கான கடவுச்சீட்டு மாதிரி. 80-க்கும் மேற்பட்ட நாடுகள் இதை ஏற்கின்றன, ஓராண்டு செல்லும், பெரும்பாலும் வணிக சபைகள் வழங்குகின்றன. கட்டணத்தோடு சாமான் மதிப்பைப் பொறுத்துப் பிணைத் தொகையும் கட்ட வேண்டும். அந்தப் பணம் பல மாதம் முடங்கும் என்பதைப் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் ஒருமுறை போட்டால் போட்டதுதான், பிறகு ஒரு பெடலைக்கூடச் சேர்க்க முடியாது. கிளம்பும்போது, நுழையும்போது, வெளியேறும்போது, திரும்பும்போது என ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை வாங்க வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு யாரும் உங்களை நிறுத்த மாட்டார்கள். நீங்களாகவே வண்டியை நிறுத்தி, ஆளைத் தேடி எழுப்பி, முத்திரை குத்தச் சொல்ல வேண்டும். ஒரு முத்திரை விட்டுப்போனாலும் சாமானை அங்கேயே விற்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். எங்களை ஒரு சோதனைச் சாவடியில் அரை நாள் உட்கார வைத்தது ஒரே ஒரு எழுத்து. ஆம்பின் (ஆம்ப்ளிஃபையரின்) வரிசை எண்ணில் '8'-க்குப் பதில் 'B' என்று நானே தட்டச்சு செய்திருந்தேன்.

விற்கக் கொண்டுபோகும் டி-ஷர்ட், தட்டு எதையும் கார்னெட்டில் போட முடியாது. அது திரும்பி வராத சரக்கு. எண்ணிக்கை, அடக்க விலை, எந்த நாட்டில் செய்தது என்று தனி விலைப்பட்டியல் வைத்து வரி கட்டிக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் போகும் நாட்டிலேயே அச்சடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டாவதுதான் மலிவாக முடிந்தது.

கிட்டாரின் மரத்தையும் பாருங்கள். பிரேசிலியன் ரோஸ்வுட், அழியும் நிலையிலுள்ள உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 இறுதியில் விலக்கு வந்துவிட்டது. தாத்தா காலத்துக் கிட்டார் என்றால் வீட்டிலேயே விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துப் போங்கள். வயர்லெஸ் கருவிக்கும் நாட்டுக்கு நாடு அலைவரிசை வேறு. அமெரிக்காவில் 2020 ஜூலைக்குப் பிறகு 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியில் வயர்லெஸ் மைக் பயன்படுத்தக் கூடாது. நீளமான கேபிள் எந்த நாட்டிலும் சட்டவிரோதம் இல்லை.

கடைசியாக வரி. எங்கே வாசிக்கிறீர்களோ அந்த நாடு உங்கள் சம்பளத்தில் வரி பிடிக்கலாம். இரட்டை வரி ஒப்பந்தங்கள் பலவற்றில் கலைஞர்களுக்கென்று தனி விதியே இருக்கிறது. அமெரிக்காவில் வெளிநாட்டுக் கலைஞருக்கு மொத்தத் தொகையில் 30 சதவீதம் பிடிப்பது வழக்கம், செலவு கழிப்பதற்கு முன்பே. பிடித்ததற்குச் சான்றிதழ் வாங்காமல் அரங்கத்தை விட்டு நகராதீர்கள், சொந்த நாட்டில் கணக்குக் காட்ட அதுதான் ஆதாரம்.

7. வண்டியும் காப்பீடும்

சாமான் காப்பீடு எடுக்கும்போது பொடி எழுத்தில் 'ஆளில்லாத வண்டி' என்ற சொல்லைத் தேடுங்கள். இரவில் வேனில் விட்டுத் திருட்டுப்போனால் பணம் இல்லை என்று பல பாலிசிகளில் இருக்கும். ஆகவே தினமும் எல்லாவற்றையும் அறைக்குத் தூக்குங்கள், அலுப்பாகத்தான் இருக்கும். எல்லாவற்றின் வரிசை எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். கார்னெட்டுக்கும் காப்பீட்டுக்கும் அதே பட்டியல் உதவும்.

அட்டையோடு ஒரு வைனில் கால் கிலோ இருக்கும். 100 தட்டு என்றால் 25 கிலோ. வெயிலில் நிற்கும் வேனில் விட்டால் அப்பளமாகச் சுருண்டுவிடும். விமானத்தில் போனால் லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான். ஆம்பைக் கொண்டுபோனால் 110 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஒரு வினாடி அவசரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். அங்கேயே வாடகைக்கு எடுப்பது இன்னும் நல்லது.

8. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு அஞ்சல்

இதைத்தான் 'அட்வான்ஸ்' என்கிறார்கள். முன்பணம் அல்ல, முன்கூட்டிப் பேசி வைப்பது. சாமான் இறக்கும் நேரம், சவுண்ட்செக், மேடை நேரம், எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், வண்டி எங்கே நிறுத்துவது, சாப்பாடு, படுக்கை, அங்கே இருக்கும் டிரம் கிட், ஆம்ப். இவற்றை ஒரே அஞ்சலில் கேட்டு, யார் எங்கே நிற்பார்கள் என்ற மேடைப் படமும் எந்த வாத்தியத்துக்கு எத்தனை மைக் என்ற பட்டியலும் இணையுங்கள். டிரம் கிட் அங்கே இருந்தாலும் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மூன்றையும் நீங்களே கொண்டுபோங்கள். அங்கே கிடைக்கும் சிம்பலில் பிறை நிலா மாதிரி ஒரு துண்டு காணாமல் போயிருக்கும்.

9. மெர்ச் மேசை

அரங்கம் மெர்ச் (டி-ஷர்ட், தட்டு போன்ற பேண்டின் பொருள்கள்) விற்பனையில் பங்கு கேட்குமா என்பதையும் அந்த அஞ்சலிலேயே கேளுங்கள். ஓரிடத்தில் கடை விரித்த பிறகுதான் 25 சதவீதம் என்றார்கள், விலைப் பலகையையும் எழுதி முடித்திருந்தோம். மேசையில் முதல் பாட்டிலிருந்து கடைசிவரை ஒரு ஆள் இருக்க வேண்டும். கார்டு இயந்திரம், சில்லறை, விலை எழுதிய பலகை, மின்னஞ்சல் முகவரி எழுத ஒரு நோட்டு. அந்த நோட்டு டி-ஷர்ட்டைவிட மதிப்புள்ளது. அடுத்த முறை அந்த ஊருக்குப் போகும்போது யாருக்கு எழுதுவது என்பது அதில்தான் இருக்கும்.

10. வீடு திரும்பிய வாரம்

படுத்துத் தூங்குங்கள், இரண்டு நாள். அப்புறம் ஒவ்வொரு இரவும் வாசித்த பாட்டுப் பட்டியலை அரங்கம், தேதியோடு ராயல்டி சங்கத்தில் பதிவு செய்யுங்கள். இதற்குக் கடைசித் தேதி உண்டு, சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். நாங்கள் 14 நிகழ்ச்சியில் ஐந்துக்குத்தான் தேதிக்குள் அனுப்பினோம், மற்ற ஒன்பதும் போச்சு. வரிச் சான்றிதழ்களையும் ரசீதுகளையும் ஒரே உறையில் போடுங்கள். கார்னெட்டில் எல்லா முத்திரையும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, மொத்தத்தையும் படம் பிடித்துவிட்டு, வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுத்துப் பிணைத் தொகையைக் கேளுங்கள். கேட்காவிட்டால் தானாக வராது.